பட்டம் வழங்கும் கை
இரங்கூன் பல்கலைக்கழகப் பேரவையின் வரலாறும் எமக்கான சில கேள்விகளும்

பல்கலைக்கழகம் ஒன்றைப் பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் மாணவர் போராட்டங்களைப் பற்றி எழுதுகிறோம். சில வேளைகளில் பேராசிரியர்களின் ஆய்வுகளைப் பற்றியும் எழுதுவதுண்டு. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு மேசையைச் சுற்றிக் கூடுகின்ற ஆளுகைச் சபையைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. யாருக்கு விரிவுரையாளர் பதவி கொடுப்பது, யாரை நிரந்தரமாக்குவது, யாரை வெளியே அனுப்புவது, எந்தப் பரீட்சைக்கு எந்தப் பட்டம் என்பவையெல்லாம் அந்த மேசையில்தான் முடிவாகின்றன. அங்கு யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வெறும் நிர்வாக விடயம் என்று ஒதுக்கிவிட முடியாது. அது அரசியல்.

அகதியாக வந்தவருக்கு இது இன்னும் நெருக்கமான விடயம். வீட்டையும் காணியையும் விட்டு வந்தவர்கள்கூடப் பட்டச் சான்றிதழைப் பொலித்தீன் உறையில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதை ஏதோவொரு ஐரோப்பிய நகரத்தின் அலுவலகத்தில் நீட்டும்போது, அங்குள்ள எழுதுவினைஞர் கேட்கும் முதற் கேள்வி "இதை யார் வழங்கினார்கள்?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்குப் பர்மாவின் இரங்கூன் பல்கலைக்கழகத்தை விடப் பொருத்தமான உதாரணம் எமது பிராந்தியத்தில் இல்லை. இன்று யாங்கூன் என்று அழைக்கப்படும் அந்த நகரில், இந்த மேசைக்காக நூறு வருடங்களுக்கு மேலாக இழுபறி நடந்துவருகிறது.

பேரவையும் மூதவையும்

முதலில் அமைப்பைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிரித்தானியர் தமது குடியேற்ற நாடுகளில் அமைத்த பல்கலைக்கழகங்களில் பொதுவாக இரண்டு சபைகள் இருந்தன. ஒன்று பேரவை. பணம், கட்டிடம், ஆட்சேர்ப்பு, பதவிநீக்கம் ஆகியன அதன் பொறுப்பு. மற்றையது மூதவை. பாடத்திட்டம், பரீட்சை, பட்டத்துக்கான தகுதி ஆகியன அதன் பொறுப்பு. பேரவையில் அரசாங்கத்தின் ஆட்களும் வெளியாரும் இருப்பர். மூதவையில் பேராசிரியர்கள் இருப்பர். இரண்டுக்கும் மேலே வேந்தர் என்ற பெயரில் பெரும்பாலும் ஆளுநரே இருப்பார்.

இந்தப் பிரிவினையில் ஒரு நியாயம் உண்டு. பணம் கொடுப்பவர் பரீட்சைத் தாளைத் திருத்தக்கூடாது. பரீட்சைத் தாளைத் திருத்துபவர் தன் சம்பளத்தைத் தானே தீர்மானிக்கக்கூடாது. ஆனால் இதில் ஓர் ஓட்டையும் உண்டு. மூதவையில் இருக்கும் பேராசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் பேரவை. எனவே பேரவையைக் கைப்பற்றியவர் மூதவையைத் தனியாகக் கைப்பற்றவேண்டிய தேவையில்லை. பட்டத்துக்குத் தகுதியானவர் யார் என்று சொல்லவேண்டிய பேராசிரியர், நாளை தன் வேலை இருக்குமா என்று யோசிக்கவேண்டியவராக இருந்தால், மூதவையின் சுதந்திரம் சட்டப் புத்தகத்தில் மட்டுமே இருக்கும். இரங்கூனில் நடந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இந்த ஓட்டையை மனதில் வைத்திருப்பது அவசியம்.

1920: முதல் பகிஷ்கரிப்பு

1878 இல் இரங்கூன் கல்லூரி தொடங்கப்பட்டபோது அது கல்கத்தாப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. படிப்பு இரங்கூனில், பட்டம் கல்கத்தாவில். இலங்கையர்களுக்கு இது புதிதல்ல. 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்ட பின்னரும் எமது முன்னோர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைக்கே தோற்றினர்.

1920 இல் இரங்கூன் பல்கலைக்கழகச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அரசாங்கக் கல்லூரியும் பப்ரிஸ்ற் மிசனரிமாரின் ஜட்சன் கல்லூரியும் ஒன்றிணைக்கப்பட்டுச் சொந்தமாகப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் உருவானது. பர்மிய மக்கள் இதை வரவேற்றிருக்க வேண்டும். ஆனால் அந்த வருடம் டிசெம்பர் 5 ஆம் திகதி மாணவர்கள் பகிஷ்கரிப்பில் இறங்கினர். சுவேடகொன் பகோடாவின் அருகே கூடினர்.

அவர்களது கோபத்துக்குக் காரணங்கள் மூன்று. ஒன்று, மாணவர் விடுதியிலேயே தங்கிப் படிக்கவேண்டும் என்ற விதி. கிராமத்து ஏழைக் குடும்பங்களால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. இரண்டு, பிரவேசப் பரீட்சையில் சித்தியடைந்தாலும் ஆங்கில அறிவு போதாதென்று கருதப்பட்டோர் மேலும் ஒரு வருடம் ஆயத்த வகுப்பில் படிக்கவேண்டும் என்ற விதி. மூன்றாவது எமது விடயத்துக்கு முக்கியமானது. பல்கலைக்கழகத்தை ஆளும் சபையில் அரச உத்தியோகத்தரும் ஐரோப்பியரும் மேலோங்கியிருக்கிறார்கள், பர்மியப் பொதுமக்களுக்கு அங்கு இடமில்லை என்பது அவர்களது குற்றச்சாட்டு. முதல் இரண்டு விதிகளும் மூன்றாவதிலிருந்து பிறந்தவை என்பதை அந்த இளைஞர்கள் விளங்கிக்கொண்டார்கள். பட்டதாரிகளின் தொகையைக் குறைவாக வைத்திருக்க விரும்பும் சபைதான் அத்தகைய விதிகளை எழுதும்.

பகிஷ்கரித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. தேசியக் கல்விச் சபை ஒன்று அமைக்கப்பட்டது. நாடெங்கும் தேசியப் பாடசாலைகள் தோன்றின. இரங்கூனில் ஒரு தேசியக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. பர்மிய மொழியும் வரலாறும் அங்கு பெருமையுடன் கற்பிக்கப்பட்டன. ஆனால் பணமும் அங்கீகாரமும் இல்லாத கல்லூரி நெடுங்காலம் நிலைக்கவில்லை. பாடசாலைகளில் ஒரு பகுதி அரச நன்கொடையை ஏற்றுப் பிழைத்துக்கொண்டது; பல மூடப்பட்டன. இருந்தும் பகிஷ்கரிப்புத் தொடங்கிய நாளைப் பர்மியர் தமது நாட்காட்டிப்படி தேசிய தினமாகக் கொண்டாடலாயினர். ஒரு பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்த நாள் ஒரு தேசத்தின் தினமாக மாறிய வேறு உதாரணத்தைக் காண்பது கடினம்.

இங்கு ஒரு பாடம் இருக்கிறது. அரச சபையிலிருந்து வெளியேறுவது சுலபம். வெளியே வந்து அமைக்கும் சபையின் கையெழுத்துக்கு உலகத்தில் பெறுமதி உண்டாக்குவதுதான் கடினம்.

1936: பதவியும் பத்திரிகையும்

இரண்டாவது மோதல் 1936 இல் வந்தது. மாணவர் சங்கத் தலைவராக இருந்த நூ, பல்கலைக்கழக நிர்வாகத்தையும் கல்லூரி அதிபர் சுலொஸ் அவர்களையும் கடுமையாக விமர்சித்தார். சங்கத்தின் சஞ்சிகையான 'ஓவே'யில் உத்தியோகத்தர் ஒருவரைப் பெயர் குறிப்பிடாமல் சாடிய கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் யார் என்று சொல்ல ஆசிரியரான ஆங் சான் மறுத்தார். இருவரும் வெளியேற்றப்பட்டனர். பெப்ரவரி 25 ஆம் திகதி, பரீட்சைகள் நெருங்கியிருந்த வேளையில், மாணவர்கள் பரீட்சையைப் பகிஷ்கரித்து மீண்டும் சுவேடகொன் அடிவாரத்தில் முகாமிட்டனர்.

பரீட்சையைப் பகிஷ்கரித்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பட்டம் வேண்டாம் என்று மாணவர் சொல்லும்போது, பட்டம் வழங்குபவரின் அதிகாரம் ஒரு கணம் காற்றில் தொங்குகிறது. பரீட்சைகள் பின்போடப்பட்டன. பல்கலைக்கழகச் சட்டத்தை ஆராயக் குழு நியமிக்கப்பட்டது. 1939 இல் சட்டம் திருத்தப்பட்டு, பேரவையின் மீது அரசாங்கத்துக்கு இருந்த பிடி தளர்த்தப்பட்டது. பாளி மொழி அறிஞரான பே மௌங் ரின் 1930களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதற் பர்மிய அதிபரானார். வெளியேற்றப்பட்ட ஆங் சான் பர்மாவின் விடுதலைத் தலைவராகி 1947 இல் கொலையுண்டார். நூ 1948 இல் சுதந்திர பர்மாவின் முதற் பிரதமரானார்.

1946 முதல் 1958 வரை ரின் ஓங் ரெக்ரராக இருந்த காலமும் அதையடுத்த சில வருடங்களும் இரங்கூன் பல்கலைக்கழகத்தின் நல்ல காலம். யுத்தத்தின் பின்னர் ஜட்சன் கல்லூரி தனியாக இயங்காமல் பல்கலைக்கழகத்துடன் கலந்துவிட்டது. பேராசிரியர்களும் அறிஞர்களும் அரச பிரதிநிதிகளும் சேர்ந்திருந்த பேரவையே பல்கலைக்கழகத்தை நடத்தியது. அக்காலத்தில் ஆசியாவின் மதிக்கத்தக்க பல்கலைக்கழகங்களில் ஒன்றாக இரங்கூன் எண்ணப்பட்டது.

1962: சபை இல்லாத பல்கலைக்கழகம்

1962 மார்ச் 2 ஆம் திகதி ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். யூலை 7 ஆம் திகதி விடுதி விதிகளை எதிர்த்த மாணவர் மீது இராணுவம் சுட்டது. அரசாங்கக் கணக்கின்படியே பதினைந்துக்கும் குறையாதோர் உயிரிழந்தனர். மறுநாள் அதிகாலை மாணவர் சங்கக் கட்டிடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இந்தச் சம்பவம் உலகறிந்தது. ஆனால் அதே காலத்தில் சத்தமின்றி நடந்த இன்னொரு தகர்ப்புப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பேரவையின் கையிலிருந்த பல்கலைக்கழகம் உயர்கல்வித் திணைக்களத்தின் கையில் கொடுக்கப்பட்டது. பேராசிரியர் அரச உத்தியோகத்தரானார். அவரை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றுவதும், பதவி உயர்த்துவதும், நிறுத்துவதும் ஒரு தபாற்கந்தோர் எழுதுவினைஞரை மாற்றுவது போலாயிற்று.

1964 ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகத்தைத் துண்டாக்கியது. மருத்துவம், பொறியியல், பொருளியல், கல்வியியல் என்பன தனித்தனி நிறுவனங்களாகின. மிஞ்சியது இரங்கூன் கலை விஞ்ஞானப் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பெற்றது. போதனா மொழி பர்மியமாக்கப்பட்டது. தாய்மொழிக் கல்வியை நாம் எதிர்க்க முடியாது. ஆயினும் கரென், சின், கச்சின் மாணவருக்கு அது தாய்மொழி அல்ல என்பதையும் மறக்க முடியாது. 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழகங்களின் மத்திய சபை, பல்கலைக்கழகக் கல்விசார் சபை என்ற இரு சபைகள் நாடு முழுவதற்கும் பொதுவாக அமைந்தன. பேரவையும் மூதவையும் மீண்டும் வந்துவிட்டன என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கும் தலைவர் கல்வி அமைச்சரே. பணத்தையும் பரீட்சையையும் பிரித்து வைத்த சுவர் இடிக்கப்பட்டு, இரு அறைகளிலும் ஒரே ஆள் அமர்ந்தார்.

இக்காலத்தில் வெளியேற்றப்பட்டோரில் ஜி. எச். லூஸ் ஒருவர். பே மௌங் ரின்னின் சகோதரியை மணந்து, பாகான் காலக் கல்வெட்டுக்களில் தன் வாழ்நாளைச் செலவிட்ட அந்த ஆங்கிலேய அறிஞர் 1964 இல் பர்மாவை விட்டுப் போகவேண்டியதாயிற்று. அதே வருடங்களில்தான் கடைகளும் வங்கிகளும் தேசியமயமாக்கப்பட்டு, தமிழர் உட்பட இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் கப்பலேறினர். சென்னையின் பர்மா பஜார் அவர்களது ஞாபகச் சின்னம். அங்கேயே தங்கிவிட்டோரின் பிள்ளைகளில் வெளிநாட்டவர் பதிவுச் சான்றிதழ் மட்டும் வைத்திருந்தோருக்கு மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்கல்விக் கதவுகள் அடைக்கப்பட்டன. அந்தப் பிள்ளைகளைப் பட்டத்துக்குத் தகுதியற்றவராக்கியது பரீட்சைப் புள்ளியன்று. பாட்டனின் பிறந்த ஊர்.

மூடிய கதவுகள்

1988 மார்ச்சில் இரங்கூன் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர் போன் மோ சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து தொடங்கிய எழுச்சியின் பின், பல்கலைக்கழகங்கள் திறந்திருந்த நாட்களை விட மூடியிருந்த நாட்களே அதிகம். 1991 டிசெம்பரில் ஆங் சான் சூகிக்கு நோபல் பரிசு வழங்கப்பட்ட வேளையில் மாணவர் ஆர்ப்பாட்டம் செய்தனர், மீண்டும் மூடப்பட்டது. ஆசிரியர்கள் அரச பயிற்சி முகாம்களுக்கு அனுப்பப்பட்டு, மாணவரைக் கண்காணிப்பது அவர்களது கடமை என்று போதிக்கப்பட்டனர். 1996 டிசெம்பர் ஆர்ப்பாட்டங்களின் பின் மூடப்பட்ட கதவுகள் பெரும்பாலான மாணவருக்கு 2000 ஆம் ஆண்டிலேயே திறந்தன.

திறந்தபோது இளமாணிப் பட்ட வகுப்புக்கள் நகரின் நடுவிலிருந்த பழைய வளாகத்துக்குத் திரும்பவில்லை. மாணவர் நகரின் ஓரங்களில் அமைந்த டகொன் முதலான புதிய பல்கலைக்கழகங்களுக்கும் தொலைக்கல்விக்கும் அனுப்பப்பட்டனர். தேங்கிப்போன மாணவரை விரைவாகக் கரைசேர்ப்பதற்காக ஒரு வருடப் பாடம் சில மாதங்களில் முடிக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்குப் பட்டம் கிடைத்தது, படிப்புக் கிடைக்கவில்லை. இது அந்த மாணவரின் குற்றமல்ல. ஆனால் வெளிநாட்டு அலுவலகத்தில் அந்தச் சான்றிதழைச் சந்தேகத்துடன் பார்ப்பவரின் முன் தலைகுனியவேண்டியவர் அந்த மாணவரே. பழைய வளாகத்துக்கு இளமாணி மாணவர் மீண்டும் சேர்க்கப்பட்டது 2013 டிசெம்பரில்தான்.

2014 செப்டெம்பரில் தேசியக் கல்விச் சட்டம் நிறைவேறியபோது, அது அதிகாரத்தை மீண்டும் மத்தியிலேயே குவிக்கிறது என்று மாணவரும் ஆசிரியரும் எதிர்த்தனர். மண்டலேயிலிருந்து இரங்கூனை நோக்கி நடந்தவர்கள் 2015 மார்ச் 10 ஆம் திகதி லெட்பாடனில் பொலிசாரால் அடித்துக் கைதுசெய்யப்பட்டனர். பல்கலைக்கழகம் தன்னைத் தானே ஆளும் உரிமை, மாணவர் சங்க உரிமை, சிறுபான்மையினரின் மொழிகளில் கல்வி என்பன அவர்களது கோரிக்கைகளில் அடங்கின. ஆங் சான் சூகியின் கட்சி ஆட்சியிலிருந்த காலத்திலும் இந்தக் கோரிக்கைகள் முழுமையாக நிறைவேறவில்லை. 2012 வன்முறைகளின் பின் றொகிங்யா மாணவருக்குச் சித்வே பல்கலைக்கழகம் மூடப்பட்டதை எதிர்த்து ஜனநாயகவாதிகளின் பெரும்பகுதி வாய் திறக்கவில்லை என்பதையும் இங்கு குறிப்பிட்டாக வேண்டும். தனது மேசைக்கு உரிமை கேட்பவர், அந்த மேசைக்கு வரமுடியாதவருக்கும் சேர்த்தே கேட்கவேண்டும்.

2021: ஒரே மாதத்தில் வெளியேறிய பல்கலைக்கழகம்

2021 பெப்ரவரி 1 ஆம் திகதி இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. வைத்தியர்களைத் தொடர்ந்து ஆசிரியர்களும் வேலைக்குப் போக மறுத்தனர். மே மாதத்தில் பல்கலைக்கழகங்களை மீளத் திறக்க இராணுவம் முனைந்தபோது, வேலைநிறுத்தத்தில் இருந்தோர் கூட்டம் கூட்டமாக இடைநிறுத்தப்பட்டனர். ஆசிரியர் சம்மேளனத்தின் கணக்கின்படி அம்மாத இறுதிக்குள் இடைநிறுத்தப்பட்ட பல்கலைக்கழக ஊழியர் 19,500 பேர். பாடசாலை ஆசிரியர் 125,900 பேர். தனித்தனி விசாரணையோ, பீடத்தின் அபிப்பிராயமோ, மேன்முறையீடோ அங்கு இருக்கவில்லை. 1962 இல் பேராசிரியரை அரச உத்தியோகத்தராக்கியதன் முழு விளைவு ஐம்பத்தொன்பது வருடங்களின் பின் ஒரே மாதத்தில் தெரிந்தது.

இடைநிறுத்தப்பட்டவர்கள் 1920 இல் தமது முன்னோர் செய்ததையே செய்தனர். இராணுவத்துக்கு எதிரான தேசிய ஐக்கிய அரசாங்கத்தின் கல்வி அமைச்சராக, இரங்கூன் முதலாவது மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ரெக்ரராக இருந்த சோ வை சோ பொறுப்பேற்றார். வேலைநிறுத்தம் செய்த ஆசிரியரும் மாணவரும் ஊழியரும் சேர்ந்து இடைக்காலப் பல்கலைக்கழகச் சபைகளை அமைத்து, இணையம் மூலம் வகுப்புக்களைத் தொடங்கினர். ஸ்பிரிங் யுனிவர்சிட்டி போன்ற புதிய கல்வி முயற்சிகளும் உருவாகின. பர்மிய வரலாற்றில் ஆசிரியர், மாணவர், ஊழியர் மூவரும் சமமாக அமர்ந்த பேரவைகள் இவையாகத்தான் இருக்கும். வளாகம் இல்லை, சம்பளம் இல்லை, ஆய்வுகூடம் இல்லை. ஆனால் மேசை அவர்களுடையது. அவர்கள் இடும் கையெழுத்தை யார் ஏற்பது என்ற 1920 ஆம் ஆண்டுக் கேள்வி மட்டும் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

எமது பக்கம்

இவை பர்மாவின் தனிப்பட்ட துயரங்கள் என்று எண்ணவேண்டாம். இலங்கையில் 1942 இல் அமைந்த பல்கலைக்கழகம் ஓரளவு சுயாதீனத்துடன் தொடங்கியது. 1972 ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களையெல்லாம் ஒன்றாக்கி அமைச்சரின் பிடிக்குள் கொண்டுவந்தது. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் கைலாசபதியின் தலைமையில் ஆரம்பமானது அந்தச் சட்டத்தின் கீழ்தான். 1978 ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவை உருவாக்கியது. பேரவையின் வெளி உறுப்பினரை அந்த ஆணைக்குழு நியமிக்கிறது. துணைவேந்தரை ஜனாதிபதி நியமிக்கிறார்.

இதன் பொருளை 2019 இல் யாழ்ப்பாணம் கண்டது. அவ்வருடம் துணைவேந்தர் விக்னேஸ்வரன் ஜனாதிபதியின் உத்தரவினால் பதவி நீக்கப்பட்டார். 1996 இல் நாவற்குழியில் காணாமற்போன இளைஞர்களுக்கான ஆட்கொணர்வு வழக்கில் தோன்றிய சட்ட விரிவுரையாளர் குமாரவடிவேல் குருபரன் பற்றி இராணுவம் மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதியது. ஆணைக்குழு பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. அவர் நீதிமன்றத்தில் தொழில் செய்யக்கூடாது என்று பேரவை அவ்வருட இறுதியில் தீர்மானித்தது. 2020 இல் அவர் பதவி விலகினார். துப்பாக்கி எதுவும் வளாகத்துக்குள் வரவில்லை. மூன்று கடிதங்கள் போதுமாயிருந்தன.

அப்படியானால் அரசை விலக்கி, தனவந்தரிடம் கொடுத்துவிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கும் தமிழரிடையே உதாரணம் உண்டு. அதன் வேரும் ஓரளவு பர்மாவில்தான் இருக்கிறது. பர்மாவில் பெருந்தொழில் நடத்திய நகரத்தார் சமூகத்தைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929 இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. தமிழிசைக்கும் தமிழ் ஆய்வுக்கும் அது செய்த சேவையை எவரும் மறுக்க முடியாது. ஆனால் நிறுவனருக்கு இணைவேந்தர் பதவியும், அது வழிவழியாகக் குடும்பத்துக்கே செல்லும் ஏற்பாடும் சட்டத்திலேயே இருந்தன. எண்பது வருடங்களின் பின், தேவைக்கு மிக அதிகமாக நியமிக்கப்பட்ட ஆசிரியருக்கும் ஊழியருக்கும் சம்பளம் கொடுக்க முடியாத நிதி நெருக்கடியில் அது விழுந்தது. 2013 இல் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் இயற்றி அதைக் கையேற்றது. மேலதிகமானோர் ஏனைய அரச கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டனர். எவருக்கும் கணக்குக் காட்டவேண்டாத நியமன அதிகாரம், அது ஜெனரலின் கையில் இருந்தாலும் கொடையாளியின் கையில் இருந்தாலும், இறுதியில் ஆசிரியரின் தலையிலேயே விழுகிறது.

நாடிழந்த பல்கலைக்கழகங்கள்

இரங்கூனின் இடைக்காலச் சபைகளுக்கு நம்பிக்கை தரும் முன்னுதாரணங்கள் ஐரோப்பாவில் உள்ளன. உக்ரேனிய அகதிகள் 1921 இல் வியன்னாவில் தொடங்கிய சுதந்திரப் பல்கலைக்கழகம் பிராக் நகருக்கும், பின் 1945 இல் மூனிச் நகருக்கும் இடம்பெயர்ந்தது. 1950 இல் பவேரிய மாநில அரசு அதன் பட்டங்களை அங்கீகரித்தது. பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரில் 1992 இல் தொடங்கிய ஐரோப்பிய மானிடவியற் பல்கலைக்கழகம் 2004 இல் மூடப்பட்டு, லித்துவேனியாவின் வில்னியுஸ் நகரில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. இரண்டிலும் பொதுவான அம்சம், இன்னொரு நாட்டின் சட்டத்துக்குள் தமது பேரவையைப் பதிவு செய்துகொண்டமை. கொடியை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பட்டங்களுக்குப் பெறுமதி கிடைத்திருக்காது.

தனிமனிதருக்கும் ஒரு வழி உண்டு. எம்மவரில் பலர் அதை அறியாதிருக்கிறார்கள். 1997 இல் லிஸ்பனில் கைச்சாத்தான தகைமை அங்கீகார உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு அகதிகளுக்கானது. ஆவணங்களால் முழுமையாக நிரூபிக்க முடியாதவிடத்தும் அகதியின் கல்வித் தகைமையை நியாயமாக மதிப்பிட வழி செய்யவேண்டும் என்று அது அரசுகளைக் கேட்கிறது. 2017 முதல் ஐரோப்பிய கவுன்சில் அகதிகளுக்கான தகைமைக் கடவுச்சீட்டு ஒன்றை நடைமுறைப்படுத்தியது. கையிலுள்ள ஆவணங்களையும் நேர்முக உரையாடலையும் வைத்து அது வழங்கப்படுகிறது. 2019 இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட உலகளாவிய உடன்படிக்கை 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இவை எந்தப் பேரவைக்கும் மாற்றீடு அல்ல. ஆனால் சான்றிதழை வழங்கியவர் யார் என்ற கேள்வியோடு, படித்தவருக்கு என்ன தெரியும் என்ற கேள்வியையும் கேட்கும்படி அந்த எழுதுவினைஞரை இவை கட்டாயப்படுத்துகின்றன.

நாம் கேட்கவேண்டியவை

புலம்பெயர் நாடுகளில் நாமும் சபைகளை அமைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். தமிழ்ப் பாடசாலைகளை நடத்துகிறோம். பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறோம். சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் பட்டமளிப்பு விழாக்கள் எடுக்கிறோம். மண்டபம் எடுத்து மாலை போட்டுக் கொடுக்கப்படும் அந்தப் பட்டங்களை வழங்கும் சபையில் யார் இருக்கிறார்கள் என்று பெற்றோர் கேட்பதில்லை. கேட்டால் பிளவுபடுத்துபவர் என்ற பெயர் வந்துவிடும்.

இரங்கூனின் நூறு வருடங்களிலிருந்து எந்தச் சபையிடமும் கேட்கக்கூடிய நான்கு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம் என்பது எனது அபிப்பிராயம். ஆசிரியரை நியமிப்பவர்களில் ஆசிரியர்களும் இருக்கிறார்களா? நீக்கப்படும் ஆசிரியருக்குக் காரணம் எழுத்தில் கொடுக்கப்பட்டு, நீக்கியவரல்லாத வேறொருவரிடம் முறையிட வழி உண்டா? பணம் தருபவரும் பரீட்சை முடிவைத் தீர்மானிப்பவரும் வெவ்வேறு ஆட்களா? அந்தச் சபையின் கூட்டக் குறிப்பை வெளியார் படிக்க முடியுமா?

இந்த நான்குக்கும் ஆம் என்று விடை சொல்லும் சபையும் தவறு செய்யும். ஆனால் அந்தத் தவறைச் சுட்டிக்காட்டவும் திருத்தவும் இடமிருக்கும். நான்குக்கும் இல்லை என்று சொல்லும் சபையை, அது எமது மொழியிலேயே பேசினாலும், எமது விடுதலையின் பெயரிலேயே இயங்கினாலும், 1962 இன் இரங்கூனிலிருந்து வேறுபடுத்துவது கடினம். எமது நிறுவனங்களை நடத்துவோரும் அவற்றில் படிப்பிப்போரும் இந்தக் கேள்விகளுக்குப் பகிரங்கமாகப் பதில் எழுத வேண்டும். விவாதம் அங்கிருந்து தொடங்கட்டும்.